பீரோ சாவி யாரிடம் இருக்கிறது?

(எங்கள் ஊர்க் கிளை நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதை, கேட்டவர்கள் வற்புறுத்தியதால் எழுதித் தருகிறேன்.)

விழாவுக்குத் தலைமை வகிக்கும் மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே! தலைவருக்கு இன்னும் இரண்டு கல்யாண வீடு பாக்கி. இருந்தும் என் பேச்சு முடிகிற வரை எழுந்திருக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். அதைப் பொதுவில் சொல்லிவிட்டேன், இனி அவர் எழுந்திருக்க முடியாது. இந்த ஆண்டு புரவலராகச் சேர்ந்திருக்கும் ரைஸ்மில் அண்ணாச்சி அவர்களே, நாற்காலிக்கு வாடகை வேண்டாம் என்று சொன்ன பந்தல்காரத் தம்பி அவர்களே, வாசகர் வட்டத் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களே, எல்லாருக்கும் மேலாக, இந்த மேடையில் நாற்காலி கிடைக்காமல் ஓரமாக நின்றுகொண்டிருக்கும் எங்கள் நூலகர் அம்மா அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நூலகங்களில் மக்கள் அதிகமாக இரவல் எடுக்கும் புத்தகங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று செய்தி வைத்திருக்கிறேன். ஒன்று, நியூயார்க்கில் போட்ட ஒரு பட்டியல். இரண்டு, இங்கிலாந்தில் இரவலுக்குக் காசு கொடுக்கிற கதை. மூன்று, நம் ஊரில் அதிகம் போகிற பத்துப் புத்தகங்கள். அதற்கு முன்னால் வழக்கம்போல என் பழமொழி. முன்வரிசை சிரிக்கிறது, என்ன வரப்போகிறது என்று அவர்களுக்குத் தெரியும். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும்.

சரி, நியூயார்க். அங்குள்ள பொது நூலகம் 1895-இல் தொடங்கியது. 125 ஆண்டு ஆனதை ஒட்டி, 2020 ஜனவரியில், தங்களிடம் இதுவரை அதிகம் இரவல் போன பத்துப் புத்தகங்கள் எவை என்று பட்டியல் போட்டார்கள். முதலிடத்தில் எது இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஷேக்ஸ்பியரா? பைபிளா? இரண்டும் இல்லை. முப்பது சொச்சம் பக்கமுள்ள ஒரு படப்புத்தகம். ‘தி ஸ்நோயி டே’ என்று பெயர், எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1962-இல் எழுதிப் படமும் வரைந்தது. 4,85,583 முறை இரவல் போயிருக்கிறது. பீட்டர் என்ற கறுப்பினச் சிறுவன் காலையில் எழுந்து பார்க்கிறான், வெளியே பனி கொட்டிக் கிடக்கிறது. சிவப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு போய் விளையாடுகிறான். நாளைக்கும் வேண்டும் என்று ஒரு பனி உருண்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். படுக்கப் போகும்போது பையைத் தொட்டுப் பார்த்தால், ஈரம்தான் மிச்சம். கதை கிட்டத்தட்ட அவ்வளவுதான். அங்கே படப்புத்தகம் என்றாலே வெள்ளைப் பிள்ளைகள்தான் என்றிருந்த காலத்தில் வந்த புத்தகம் அது.

இரண்டாம் இடத்தில் தொப்பி போட்ட ஒரு பூனையின் கதை, ‘தி கேட் இன் தி ஹேட்’, 4,69,650 முறை. அதற்கு அடுத்துத்தான் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவல் வருகிறது. பத்தில் ஆறு பிள்ளைகளுக்கான புத்தகங்கள். காரணம் பெரிய ரகசியமில்லை. மெல்லிய புத்தகம் ராத்திரி போய்க் காலையில் திரும்பி வந்துவிடும். தடித்த நாவல் ஒரு வீட்டிலேயே மாதக்கணக்கில் தங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் படிக்கச் சொல்கிற புத்தகங்களும் ஏறிவிடும்.

அந்தப் பட்டியலின் அடியில் பதினோராவதாக ஒரு புத்தகத்தைத் தனியாகக் குறிப்பிட்டிருந்தார்கள். ‘குட்நைட் மூன்’, 1947-இல் வந்தது. அமெரிக்காவில் அதைத் தெரியாத தாய் கிடையாது. அது ஏன் பத்துக்குள் வரவில்லை? அந்த நூலகத்தின் குழந்தைகள் பிரிவைக் கட்டி வளர்த்த ஆன் கரோல் மூர் அம்மையாருக்கு அது பிடிக்கவில்லை. அவ்வளவுதான். 1972 வரை, இருபத்தைந்து வருடம், அந்த நூலகம் அதை வாங்கவே இல்லை. ஆன் கரோல் மூர் சாதாரண ஆள் அல்ல. பிள்ளைகளுக்கென்று நூலகத்தில் தனி அறை வேண்டும் என்று போராடியவர். அவரே ஒரு பூட்டைப் போட்டிருக்கிறார். இந்தப் பூட்டு என்ற சொல்லை மட்டும் மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவேன்.

இங்கே என் கதை ஒன்று. ஐந்து நிமிடம்தான் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன், அவர் நம்பவில்லை.

1979. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ஊர், நான் ஒன்பதாம் வகுப்பு. நூலகத்தில் ‘பொன்னியின் செல்வன்’ எடுத்தேன். ஐந்து பாகம், ஆளுக்கு ஒரு நேரத்தில் ஒரு புத்தகம். மூன்று பாகம் மூன்று வாரத்தில் முடிந்தது. நான்காம் பாகம் ‘மணிமகுடம்’ அலமாரியில் இல்லை. ‘நாளைக்கு வா’ என்றார் நூலகர். நாளைக்கும் போனேன், மறுநாளும் போனேன், மூன்று வாரம் போனேன். யார் எடுத்தார்கள் என்று கேட்டால் சொல்ல மாட்டார். மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கம் விரித்திருக்கும் பதிவேட்டைத் தலைகீழாகப் படிக்கும் கலையை அப்போதுதான் கற்றுக்கொண்டேன். பெயர் கிடைத்தது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு.

போய்க் கதவைத் தட்டினேன். ஒரு ஆச்சி வந்தார்.

“யாருல நீ?”

“ஆச்சி, நாலாம் பாகம் உங்க வீட்ல இருக்காம். படிச்சாச்சுன்னா…”

“பாதிதாம்ல ஆயிருக்கு. எனக்கு எழுத்து தெரியாது. பேத்திதான் ராத்திரி ராத்திரி வாசிப்பா. பரீட்சைன்னு நிறுத்திப்புட்டா. நீ நல்லா வாசிப்பியால?”

“வாசிப்பேன்.”

“அப்போ திண்ணையில உக்காரு.”

உட்கார்ந்தேன். பாதியிலிருந்து வாசித்தேன். ஆச்சி கால் நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டார். பக்கத்து வீட்டுச் சித்தி சுளகில் அரிசி புடைக்கிற சாக்கில் வந்து உட்கார்ந்தாள். கதவுக்குப் பின்னால் பேத்தி. பால்காரர் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு, ‘வந்தியத்தேவன் தப்பிச்சானா இல்லையா, அதை மட்டும் சொல்லு, போயிருதேன்’ என்பார், போக மாட்டார். நடுவில் ஆச்சி, ‘அந்த இடத்தை இன்னொரு தடவை வாசில’ என்பார். எனக்கு அவசரம், அடுத்து என்ன என்று தெரிய வேண்டும். ஆச்சிக்கு அவசரமே கிடையாது. பன்னிரண்டு நாள் ஆயிற்று. முறுக்கு தின்ற கையோடு பக்கம் புரட்டியதில் நடுப்பக்கம் ஒன்றில் எண்ணெய்க் கறை. திருப்பிக் கொடுக்கும்போது நூலகர் அந்தப் பக்கத்தை விரித்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூடிவிட்டார். அபராதம் கேட்கவில்லை. ஐந்தாம் பாகத்தை எடுத்து என்னிடம் நீட்டி, ‘ஆச்சி வீட்டுக்குத்தானே?’ என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது!

இப்போது கணக்குப் பாருங்கள். தவணைச் சீட்டில் நான்காம் பாகத்துக்கு விழுந்தது ஒரே ஊதா முத்திரை. கேட்ட காதுகள் எத்தனை? நியூயார்க்கின் நாலே முக்கால் லட்சத்துச் சொச்சத்தை நான் மடியில் உட்கார்ந்த பிள்ளைகளாகத்தான் எண்ணுகிறேன். ஆச்சிக்கு எழுத்து தெரியாது, அவருக்குப் பாடிக் கறக்க வேண்டியிருந்தது. ஆடிக் கறக்கிற மாட்டை… சரி சரி, நீங்களே முடித்துவிட்டீர்கள்.

இரண்டாவது செய்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1979-இல் ஒரு சட்டம் போட்டார்கள். நூலகத்தில் ஒரு புத்தகம் இரவல் போகிற ஒவ்வொரு முறைக்கும் எழுத்தாளருக்குச் சில காசு, அரசாங்கம் கொடுக்கும். 1984-இல் முதல் பணம் போயிற்று. அப்புறம்தான் யாரை ஜனங்கள் உண்மையில் படிக்கிறார்கள் என்பது ஆண்டுதோறும் வெளியே வந்தது. சலவைச் சாலையில் வேலை பார்த்து மேலே வந்த கேத்தரின் குக்சன் என்ற நாவலாசிரியைதான் பல ஆண்டு முதலிடம். விமர்சகர்கள் மதிக்காத எழுத்து, வாசகர்கள் அடித்துப் பிடித்து எடுத்த எழுத்து. நம் தமிழ் எழுத்தாளர்களுக்கு இப்படி ஒன்று வந்தால் எப்படி இருக்கும்? தனிக் கூட்டம் போட்டுப் பேச வேண்டிய விஷயம்.

இன்று நான் வந்தது பூட்டுக்காக.

நான் ஆசிரியராக வேலை பார்த்த ஒரு ஊர், எந்த ஊர் என்று கேட்காதீர்கள். அங்கே நூலகத்தில் பிள்ளைகள் புத்தகம் இருநூறுக்கு மேல். அத்தனையும் கண்ணாடி பீரோவுக்குள், பூட்டி. சிறார் பகுதி என்று பலகை வேறு. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நிற்பார்கள். சாயங்காலம் பார்த்தால் பீரோவில் இடுப்பு உயரத்துக்கு மூக்குத் தடம். சாவி எங்கே என்று கேட்டேன். ‘கிழிச்சிட்டா, தொலைச்சிட்டா, இருப்பு சரிபார்க்க வரும்போது நான்தானே சார் கைக்காசு போட்டுக் கட்டணும்?’ என்றார் அந்த நூலகர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சம்பளத்திலிருந்து கட்ட வேண்டும் என்றால் நானும் பூட்டுவேன், நீங்களும் பூட்டுவீர்கள்.

நூலகம் என்றால் புத்தகம் பயன்படுவதற்கே என்பதை முதல் விதியாக 1931-இல் எழுதி வைத்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர். சுதந்திர இந்தியாவில் முதலில் பொது நூலகச் சட்டம் போட்டது இந்த மாநிலம், 1948-இல். நீங்கள் கட்டுகிற வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலகத்துக்குப் போகிறது. அந்தப் பீரோவுக்குள் இருக்கிற முயலும் யானையும் உங்கள் காசு. முறுக்கு எண்ணெய் படாத படப்புத்தகம் இருந்து என்ன செய்ய?

மாவட்ட நூலக அலுவலர் அய்யா முன்னால் கேட்கிறேன். பிள்ளைகள் புத்தகத்துக்குப் பூட்டில்லாத, அவர்கள் கை எட்டுகிற தட்டு. நன்றாகப் போகிற படப்புத்தகம் ஒன்றுக்கு ஐந்து பிரதி. படித்துக் கிழிந்த பிள்ளைகள் புத்தகத்துக்கு நூலகர் கைக்காசு கட்ட வேண்டாம் என்று ஒரு ஆணை. தட்டு செய்ய மரமும் கூலியும் தருவதாக ரைஸ்மில் அண்ணாச்சி காலையில் தொலைபேசியில் சொன்னார். அண்ணாச்சி, சொன்னீர்கள்தானே? தலையாட்டுகிறார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் அதிகம் போகிற பத்துப் புத்தகங்களின் பட்டியல் என் பையில் இருக்கிறது. நூலகர் அம்மா இரண்டு நாள் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தது. செயலாளர் இரண்டாவது முறையாகச் சீட்டு நீட்டுகிறார், தலைவரும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுகிறேன்.

வாசலில் மேஜை மேல் ஒரு நோட்டு இருக்கிறது. நான் சொன்ன மூன்று கோரிக்கையும் முதல் பக்கத்தில். பேனாவை நூல் போட்டுக் கட்டியிருக்கிறேன், போன கூட்டத்தில் பேனா போய்விட்டது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பிள்ளைகளும் போடலாம், அவர்களுக்குத் தனிப் பக்கம் விட்டிருக்கிறேன். வணக்கம்.