கொல்லிமலைய ஒரே நாள்ல பாத்துட்டு வந்துராதீங்க

வணக்கம்ங்க. கொல்லிமலைன்னாலே எல்லாருக்கும் அந்த 70 கொண்டை ஊசி வளைவுதான், காரவள்ளில பைக்க முறுக்கி ஏறி, போர்டு பக்கத்துல ஒரு செல்ஃபி, ஆகாயகங்கை அருவில ஒரு குளியல், சாயங்காலம் இறங்கியாச்சு, இதுக்கா அவ்வளவு பெட்ரோலுன்னு எனக்கு கோவமே வரும்ங்க.

அங்க பாறைய கொஞ்சம் உத்துப் பாருங்க. நீலம் பாஞ்ச மாதிரி கருப்பா இருக்கும், சார்னோகைட்டு, நம்ம பல்லாவரத்துல இருக்கறதும் அதே இனம்தான். வயசு ஏறக்குறைய 250 கோடி வருஷம்ங்கறாங்க. இமயமலை எழும்ப ஆரம்பிச்சே 5 கோடி வருஷந்தான் ஆகுது, அது இதுக்கு பேரப்புள்ள கூட கெடையாது!

செம்மேட்டுல சிலையா குதிரை மேல உக்காந்திருக்காரே, இந்த மலைய ஆண்ட வல்வில் ஓரி, அவரு விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்னி எல்லாத்தையும் துளைச்சு கடைசில உடும்புல போய் நின்னுச்சுன்னு வன்பரணர் புறநானூறுல பாடி வச்சிருக்காரு (நம்புறது உங்க இஷ்டம்). அப்பறம் காரிங்கற இன்னொரு சிற்றரசன் அவரக் கொன்னு மலைய சேரனுக்குக் குடுத்துட்டான். ஆனாலும் வருஷா வருஷம் ஆடி 17, 18ல விழா எடுக்கறது தோத்த ஓரிக்குத்தான்.

அறப்பளீஸ்வரர் கோயில், ஆயிரம் படிக்கு மேல இறங்கிப் போய் பாக்கற அந்த அருவி, இதெல்லாம் எப்படியும் பாத்துருவீங்க. நான் சொல்ல வந்தது சாமை. அங்க இருக்கற மலையாளி பழங்குடி மக்கள் (கேரளாக்காரங்க இல்லங்க), முன்னோருங்க காஞ்சிபுரத்துல இருந்து வந்தவங்கன்னு சொல்லிக்கறவங்க, சாமை, தினை, கேழ்வரகுன்னு அத்தனை ரகம் வச்சிருந்தாங்க, ஜவ்வரிசி மில்லுக்கு மரவள்ளி போட்டா கையில காசு வருதுன்னதும் நெறைய காடு அதுக்கு மாறிப்போச்சு, அதுல தப்பு சொல்ல முடியாது, சாமைய உரல்ல போட்டு உமி நீக்கற பாடு பொம்பளைங்களுக்குத்தான தெரியும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990கள்ல இருந்து அங்க வேலை பாத்து, உமி நீக்கற மெஷின்லாம் ஊருக்குள்ள கொண்டு வந்தப்பறம்தான் கொஞ்சம் தெம்பு. அதனால ஒரு ராத்திரி தங்குங்க, சாமைச்சோறு கேட்டு வாங்கி சாப்பிடுங்க, கிளம்பும்போது மிளகு, சாமை ரெண்டையும் விளைவிச்சவங்க கிட்டயே வாங்குங்க, பேரம் பேசாதீங்க.

நாமக்கல்ல இருந்து சேந்தமங்கலம் வழியா பஸ் இருக்கு. தலை சுத்தறவங்க ஒரு எலுமிச்சம்பழம் கையில வச்சுக்கங்க, முன் சீட்டுல இடம் புடிச்சிருங்க.