மொறிஸ் மைனருக்கு டிஸ்க் பிறேக்

வணக்கம் நேயர்களே. பழைய கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்விக்கு இன்று பதில் சொல்ல வந்திருக்கிறேன். மொறிஸ் மைனரின் முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக் போடலாமா? போடலாம். ஆனால் டிஸ்க்கை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தால், முன்பு இருந்ததைவிட ஆபத்தான கார்தான் கையில் இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் காரைத் தெரியாதவர்கள் இல்லை. தொண்ணூறுகளில் பெற்றோல் வராத காலத்தில், மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு ஒஸ்ரின் ஏ-40 கார்களோடு சேர்ந்து நம்மைச் சுமந்த கார் இது. அப்போது வீதியில் சைக்கிள்தான் அதிகம். இன்று ஏ-9 வீதியில் முன்னால் போகிற வான் வண்டியில், சில்லு இறுகி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ் பிறேக் இருக்கிறது. அது சட்டென்று நிற்கிற தூரத்துக்குள் நம்முடைய கார் நிற்காது. கேள்வி அங்கேயிருந்துதான் வருகிறது.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948ஆம் ஆண்டு லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. பிறேக் நான்கு சில்லுக்கும் ட்றம்தான், 7 அங்குலம். ட்றம் என்பது சில்லோடு சுழலும் வட்டப் பெட்டி; அதை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த கட்டைதான் சூ. 1962இல் 1098 சிசி எஞ்சின் போட்டபோது முன் ட்றம்மை 8 அங்குலமாக்கினார்கள். முன் சில்லு ஒவ்வொன்றிலும் சூவைத் தள்ள இரண்டு பிறேக் சிலிண்டர்கள் இருக்கும். சில்லு முன்னோக்கிச் சுழலும்போது இரண்டு சூவையும் ட்றம்மே உள்ளே இழுத்து இறுக்கிக்கொள்ளும், கதவுக்கு அடியில் ஆப்பு இறுகுகிற மாதிரி. அதனால்தான் மிதிக்கிற பலத்தைக் கூட்டும் பூஸ்டர் இல்லாமலே அந்தக் கார் காலுக்குக் கீழ்ப்படிகிறது.

அதன் பலவீனம் சூடு. ட்றம் சூடாகி விரிந்தால் சூவைவிட்டு விலகிப் போகும். பெடல் கீழே கீழே போகும். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கியவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். டிஸ்க் பிறேக்கில் சில்லோடு சுழல்வது ஒரு தட்டு; பாட் என்ற உராய்வுக் கட்டைகள் அதை இரு பக்கமும் கவ்வும். டிஸ்க் திறந்த காற்றில் சுழல்வதால் சீக்கிரம் ஆறும். சூட்டில் தடித்தாலும் பாட்டை நோக்கித்தான் வரும். தண்ணீர் பட்டாலும் சில சுற்றிலேயே உலர்ந்துவிடும். 1953இல் ஜாகுவார் சி-டைப் கார்கள் டன்லொப் டிஸ்க் பிறேக்கோடு லீ மான்ஸ் பந்தயத்தை வென்றதற்கு அப்புறம், இதன் பலனை யாரும் சந்தேகிக்கவில்லை.

ஆனாலும் ஊருக்குள் மட்டும் ஓடுகிற காருக்கு அவசரப்பட வேண்டாம். முதலில் இருக்கிற ட்றம்மை ஒழுங்காகச் சரிசெய்து பாருங்கள். முன் சில்லு ஒவ்வொன்றிலும் சூவுக்கும் ட்றம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்ய இரண்டு அட்ஜஸ்டர் உண்டு. பலர் ஒன்றை மட்டும் திருகிவிட்டு, பிறேக் ஒரு பக்கம் இழுக்கிறது என்று வருவார்கள். கழற்றும்போது உள்ளே உள்ள தூசியைக் காற்றடித்து ஊத வேண்டாம். சூவின் மேல் ஒட்டிய பழைய லைனிங்கில், மூச்சோடு போனால் நுரையீரலுக்கு ஆபத்தான அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

சரி, மலைநாட்டுக்குக் குடும்பத்தோடு போகிறேன், நீண்ட தூரம் ஓடுகிறேன் என்பவர்கள் மாற்றலாம். ஒரு வழி, மொறிஸ் மரீனாவின் முன் பாகங்களை எடுத்துப் பொருத்துவது. மரீனாவின் முன் சஸ்பென்ஷன் மைனரிலிருந்து வந்ததுதான், அதனால் பொருந்தும். நம் நாட்டில் அது கிடைப்பது கஷ்டம். மற்ற வழி, பிரித்தானியாவிலிருந்து வரும், தேவையான பாகங்கள் சேர்ந்த கிட். ட்றம்முக்குப் பின்னால் தகடு இருந்த இடத்தில் ஒரு பிராக்கெட்டைப் பூட்டி, பாட்டை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பர் அதில் உட்காரும்.

இரும்பு வேலை எளிது. கவனமெல்லாம் பிறேக் எண்ணெய்ப் பக்கம் இருக்க வேண்டும்.

பெடலை மிதிக்கும்போது எண்ணெயைக் குழாய்களுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், மைனரில் சாரதியின் காலடியில், காரின் சட்டகத்துக்குள் இருக்கிறது. பூட்டிய போல்ட்டைக் கழற்றப் போனால் முன் சஸ்பென்ஷனுக்கு ஸ்பிரிங்காக இருக்கிற டோர்ஷன் பார் என்ற கம்பி குறுக்கே நிற்கும். அந்த வேலைக்கு அரை நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். அந்தச் சிலிண்டருக்குள் ஒரு சிறிய வால்வு உண்டு. காலை எடுத்த பிறகும் குழாயில் சுமார் 10 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல்) அழுத்தத்தை அது பிடித்து வைத்திருக்கும். ட்றம்முக்கு அது தேவை. டிஸ்க்குக்கு அதுவே எதிரி. ட்றம்மில் சூவைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் உண்டு. காலிப்பரில் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் முறுகி நிமிர்வதால்தான் பாட் ஒரு நூலளவு விலகும். 10 பி.எஸ்.ஐ. நின்றால் பாட் உரசிக்கொண்டே ஓடி, டிஸ்க் கொதித்து, கடைசியில் பிறேக்கே பிடிக்காமல் போகும். ஆகவே அந்த வால்வை எடுத்தே ஆக வேண்டும். பின் ட்றம்முக்கு அழுத்தம் வேண்டுமென்றால், பின் குழாயில் மட்டும் தனியாக ஒன்றைப் போடலாம். மாஸ்டர் சிலிண்டர் தாழ்வாக இருப்பதால் எண்ணெய் காலிப்பரிலிருந்து திரும்பி இறங்காமல் இருக்க, முன் குழாயில் 2 பி.எஸ்.ஐ. வால்வு போடுவார்கள். எண்ணெய்த் தாங்கியை எஞ்சின் பக்கம் உயரத்துக்குக் கொண்டுவருவது இன்னும் நல்லது. கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்காமலே மட்டம் தெரியும்.

இனிச் சொல்வதை அழுத்திச் சொல்கிறேன். பழைய குழாய்களின் நட்டு, யு.என்.எஃப். என்ற அங்குல அளவு முறையில், 3/8 அங்குல மரை. புதிய காலிப்பர்களில் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் மரை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சின்னது பெரியதற்குள் ஏறிக்கூட விடும், கொஞ்சம் இறுகவும் செய்யும். ஆனால் முழுப் பலத்தோடு பெடலை மிதிக்கிற நாளில் கழன்றுவிடும். மைனரில் பிறேக் எண்ணெய் ஒரே சுற்றுதான். ஒரு நட்டு போனால் நான்கு சில்லிலும் கால் பிறேக் போய்விடும். ஒவ்வொரு நட்டையும் விரலால் கடைசிவரை சுழற்றிப் பாருங்கள். ஆடினால் பொருத்த வேண்டாம்.

காலிப்பரில் காற்றெடுக்கும் நிப்பிள் மேலே இருக்க வேண்டும். இடதும் வலதும் மாறினால் நிப்பிள் கீழே வந்துவிடும், எவ்வளவு பம்ப் அடித்தாலும் காற்று வெளியேறாது. புதிய ஹோஸைப் பூட்டிய பிறகு ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, அது எங்கும் இழுபடவில்லை, டயரில் உரசவில்லை என்று பாருங்கள். 14 அங்குல றிம்முக்குள் காலிப்பர் தட்டுகிறதா என்று சில்லைக் கையால் சுழற்றியும் பாருங்கள்.

மாற்றிய பிறகு பெடல் கனமாக இருக்கும். பழைய ட்றம் தானே இறுகி உதவியது, டிஸ்க் அப்படி உதவாது. பலர் இதைக் கோளாறு என்று நினைத்துப் பயப்படுவார்கள். எஞ்சினின் உறிஞ்சு காற்றில் வேலை செய்யும் சேர்வோ, அதாவது பூஸ்டர், ஒன்றைச் சேர்த்தால் கால் நோகாது. வயதானவர் ஓட்டும் காருக்கு அதைக் கட்டாயம் போடச் சொல்வேன்.

பிறேக் எண்ணெயில் டொட் 4 என்ற தரம் போதும். புதிதாக இருக்கையில் 230 பாகை செல்சியஸிலாவது கொதிக்கும் என்பது அதன் தரம். அது ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் தர எல்லை 155 பாகைக்கு இறங்கும். நம்முடைய காற்றில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதே நல்லது.

எல்லாம் முடிந்ததும் நேராகப் பெருவீதிக்குப் போகாதீர்கள். ஆளில்லாத ஒழுங்கையில் மெதுவாக ஓட்டி, பல தடவை மிதமாகப் பிறேக் பிடித்து, இடையிடையே ஆறவிட்டு, பாட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக விடுங்கள். ஒரு பக்கம் இழுத்தால் அன்றே திரும்பி வந்து கழற்றிப் பாருங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுத்தில் அறிவித்துவிடுங்கள். கழற்றிய ட்றம், பின் தகடு, சிலிண்டர் எல்லாவற்றையும் கிறீஸ் பூசித் துணியில் சுற்றி வையுங்கள். காரைப் பழையபடி ஆக்க விரும்பும் அடுத்த சொந்தக்காரருக்கு அவை வேண்டும். நன்றி, வணக்கம்.