மீட்பு வீட்டில் போன் யார் கையில் இருக்கிறது?

வணக்கம். மேரிலாந்து மாநிலத்தில், சில்வர் ஸ்பிரிங் பக்கம் ஒரு தெருவோரம் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசுகிறேன். எதிரில் ஒரு வீடு இருக்கிறது. அதைக் காட்ட மாட்டேன், கேமரா என் முகத்தைப் பார்த்தபடியே இருக்கும். உள்ளே குடியையும் போதை மருந்தையும் விட்ட எட்டுப் பேர் குடியிருக்கிறார்கள். நானும் அங்கே பதினோரு மாதம் இருந்தேன். இன்று ஏழு மணிக்கு வாராந்தர வீட்டுக் கூட்டம். பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குள் ஒரு விஷயம் பேசிவிடலாம்.

அங்கே டாக்டர் கிடையாது, வார்டன் கிடையாது. சாதாரண வாடகை வீடு. சிகிச்சை முடித்து வந்தவர்கள் வாடகையைச் சமமாகப் பிரித்துக்கொண்டு, சமையலும் பெருக்கலும் முறை போட்டுச் செய்துகொண்டு வாழ்கிறார்கள். ஆக்ஸ்போர்டு ஹவுஸ் என்று பெயர். 1975-இல் இதே சில்வர் ஸ்பிரிங்கில்தான் ஆரம்பம். தாங்கள் தங்கியிருந்த மறுவாழ்வு விடுதியை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், பால் மொல்லாய் என்பவரும் கூட இருந்தவர்களும் "வாடகையை நாங்களே கொடுக்கிறோம்" என்று வீட்டை எடுத்துக்கொண்டார்கள். விதிகள் மூன்றே. எல்லா முடிவும் ஓட்டுப்போட்டு எடுக்க வேண்டும். செலவு சொந்தக் காசில். மறுபடி குடித்தால் உடனே வெளியே. புதிதாக ஒருவரைச் சேர்ப்பதும் ஓட்டில்தான், அதற்கு 80 சதவீதம் வேண்டும்.

இது வேலை செய்கிறதா? சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் லியனார்ட் ஜேசன் குழு சோதித்துப் பார்த்தது. சிகிச்சை முடித்த 150 பேரில் பாதிப் பேரை இந்த வீடுகளுக்கும், மீதிப் பேரை வழக்கமான தொடர் கவனிப்புக்கும் குலுக்கல் முறையில் அனுப்பினார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான வழியில் போனவர்களில் 64.8 சதவீதம் பேர் குடியையோ போதையையோ தொட்டிருந்தார்கள். வீட்டுக்குப் போனவர்களில் அது 31.3 சதவீதம். 2006-இல் வெளிவந்த இந்த ஆய்வைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கணக்குக்குப் பின்னால் இருக்கிற இரவுகள் எனக்குத் தெரியும்.

சரி, இதில் டெக்னாலஜி எங்கே வருகிறது? என் கதையிலிருந்தே சொல்கிறேன்.

மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்துவிட்டு மறுநாளே குடித்தவன் நான். ஒரு தடவை இல்லை, பல தடவை. இந்த வீட்டுக்கு வந்தபோது என் மனைவி என் சொல்லை நம்புவதை நிறுத்தியிருந்தாள். நம்பச் சொல்லிக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. அப்போதுதான் கையடக்கமான மூச்சுச் சோதனைக் கருவி ஒன்றை வாங்கினேன். குறித்த நேரத்தில் ஊத வேண்டும். ஊதும்போதே படம் எடுத்து, முகம் என்னுடையதுதானா என்று பார்க்கும். முடிவு அடுத்த நிமிடமே அவள் போனுக்குப் போய்விடும். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. மூன்று வேளையும் ஊதினேன்.

அதனால் என்ன மாறியது தெரியுமா? போனில் பேசும்போது என் குரல் குழறுகிறதா என்று அவள் காது கொடுத்துக் கவனிப்பாள். அது மெல்ல நின்றது. மகளுக்குக் காய்ச்சல், பள்ளியில் என்ன சொன்னார்கள் என்று வீட்டு விஷயங்களைப் பேச ஆரம்பித்தோம். விசாரிக்கிற வேலையைக் கருவி எடுத்துக்கொண்டதால், பேச்சு எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

ஒரு நாள் இரவு பத்து மணிக்குக் கருவி ஆல்கஹால் இருப்பதாகக் காட்டியது. வாய் கொப்பளிக்கும் மருந்தில் ஆல்கஹால் இருந்திருக்கிறது, நான் பார்க்காமல் கொப்பளித்துவிட்டேன். வாயில் தங்கியது மட்டும் என்றால் பதினைந்து நிமிடத்தில் போய்விடும், மறுபடி ஊதினால் தெரிந்துவிடும். ஆனால் அந்தப் பதினைந்து நிமிடம் இருக்கிறதே! எனக்குக் கை நடுங்கியது. என் அறைத்தோழர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் மனைவிக்கு அவரே போன் போட்டு, "ஆறு மணியிலிருந்து என் கண் முன்னால்தான் இருக்கிறான், அம்மா" என்றார். அவர் பேசியது ஆங்கிலம், ஆனால் அந்தத் தொனி என் காதில் இப்படித்தான் விழுந்தது. இரண்டாவது முறை ஊதினேன், பூஜ்யம். கருவி சரியாகத்தான் வேலை செய்தது. அந்தப் பதினைந்து நிமிடத்தைக் கடக்க எனக்கு அவர் வேண்டியிருந்தது.

இன்னொன்று. நம் ஊர் டாஸ்மாக் மாதிரி, இந்த மான்ட்கோமரி கவுன்டியிலும் விஸ்கி, பிராந்தி விற்பது அரசு நடத்தும் கடைகள். வேலை முடிந்து வரும் வழியில் ஒன்று இருந்தது. அந்தத் திருப்பத்துக்கு வந்தால் ஒலிக்கும்படி போனில் ஒரு நினைவூட்டல் வைத்தேன். ஒலித்ததும் அறைத்தோழரைக் கூப்பிட வேண்டும் என்று எங்களுக்குள் பேச்சு. "இன்றைக்கு என்ன சமையல்?" என்றுதான் கேட்பேன். அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் கடை பின்னால் போயிருக்கும்.

இதையே ஆராய்ச்சியாகச் செய்தவர்கள் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டேவிட் கஸ்டாஃப்சன் குழுவினர். அவர்களுடைய செயலியின் பெயர் ஏ-செஸ். ஆபத்தான இடத்தை நெருங்கினால் எச்சரிக்கும். தவிப்பு வந்தால் அழுத்த ஒரு அவசரப் பொத்தான், அதே பாதையில் இருப்பவர்களோடு பேச வசதி, எல்லாம் அதில் உண்டு. குடிக்காகத் தங்கிச் சிகிச்சை பெற்று வெளியே வந்த 349 பேரிடம் சோதித்து 2014-இல் வெளியிட்டார்கள். செயலி இல்லாதவர்கள் முப்பது நாளில் சராசரியாக 2.75 நாள் அளவுமீறிக் குடித்தார்கள். செயலி வைத்திருந்தவர்கள் 1.39 நாள். ஏறத்தாழ பாதி. ஒரு போனால் இவ்வளவு முடிகிறது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

அதே சமயம் இதையும் சொல்ல வேண்டும். 2017-இல், மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ முதன்முறையாகப் போதைச் சிகிச்சைக்கு ரீசெட் என்ற செயலியை அனுமதித்தது. டாக்டர் சீட்டு எழுதித் தருகிற செயலி. அதை விற்ற நிறுவனமான பேர் தெரப்யூட்டிக்ஸ் (Pear Therapeutics) 2023 ஏப்ரலில் திவால் மனு போட்டது. ஆகவே ஒரே செயலியை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். தகவல் யாருக்குப் போகிறது என்றும் பாருங்கள். ஆன்லைனில் குடிச் சிகிச்சை தந்த ஒரு நிறுவனம், வாடிக்கையாளர்களின் விவரத்தை விளம்பரத் தளங்களுக்குக் கொடுத்ததாக 2024-இல் ஃபெடரல் டிரேட் கமிஷன் என்ற அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு நடவடிக்கை எடுத்தது. குடியை விட வந்தவனின் ரகசியத்தை விளம்பரத்துக்குக் கொடுப்பது எனக்குப் பொறுக்கவே இல்லை.

எங்கள் வீட்டிலும் ஒருமுறை இந்தப் பேச்சு வந்தது. ஒருவர் குடித்துவிட்டு வந்து வெளியேற வேண்டியதாகி, எல்லோரும் பயந்து போயிருந்த நேரம். எட்டுப் பேர் போனிலும் இருப்பிடம் காட்டும் செயலி போடலாம், கூடத்தில் கேமரா வைக்கலாம் என்று யோசனை. சிறையிலிருந்து வந்த ஒருவர் எதுவும் பேசாமல் கணுக்காலைக் காட்டினார். கண்காணிப்புப் பட்டை உரசிய தழும்பு. ஓட்டெடுப்பில் யோசனை தோற்றது. அதற்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தோம். இரவு பதினொன்றுக்குள் "வந்துட்டேன்" என்று எல்லோரும் போட வேண்டும். போடாதவருக்கு மற்றவர்கள் வரிசையாகப் போன் செய்வோம். நான் மூச்சுக் கருவியை நானே கேட்டு வாங்கினேன், முடிவு யாருக்குப் போக வேண்டும் என்று நானே சொன்னேன். அதனால்தான் அது எனக்கு உதவியது. கட்டாயத்தில் மாட்டியிருந்தால் ஏமாற்ற வழி தேடியிருப்பேன், எனக்கு என்னைத் தெரியும்.

தமிழ்நாட்டில் இருந்து பார்ப்பவர்களுக்கு: 14446 போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டிடிகே போதை மீட்பு மருத்துவமனை இருக்கிறது. குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழிலேயே நடக்கின்றன. எண்ணைச் சேமிக்கும்போது பக்கத்திலேயே இன்னொரு எண்ணையும் வையுங்கள். மாலை ஆறு மணிக்குக் கூப்பிட்டால் எடுத்து "என்ன சமையல்" என்று பேசக்கூடிய ஒருவருடைய எண். அவரிடம் முன்கூட்டியே சொல்லியும் வையுங்கள்.

ஏழாகப் போகிறது. வாசல் விளக்கைப் போட்டுவிட்டார்கள். நான் கிளம்புகிறேன்.