ரப்பர் விதையும் காய்ந்த தாளும்

வணக்கம். இந்த அரங்கில் எத்தனை பேருடைய தாத்தா, பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள்? கை தூக்குங்கள். பாதிக்கு மேல் இருக்கும்போல. அப்படியானால் பூமலை, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா, உங்கள் குடும்பக் கதையிலும் இருக்கிறது.

1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் பூமலைப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைச் சாகவிடாமல் பால் வெட்டும் முறையைக் கண்டறிந்து, ரப்பர் போடச் சொல்லித் தோட்டக்காரர்களை நச்சரித்தார். மலாயாவில் காடு போய் ரப்பர் நின்றது. பால் வெட்ட நம் ஆட்கள் கப்பலேறினார்கள்.

அதே ரிட்லி இன்னொன்றும் செய்தார். காடு காடாக அலைந்து, செடிகளை இலையும் பூவும் காயுமாகப் பறித்து, அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டவைத்தார். ஓரத்தில் ஒரு சீட்டு: எந்த இடம், எந்தத் தேதி, யார் பறித்தது. பூமலையில் இன்று இப்படி 7 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் உள்ளன. பார்க்கப் பழைய ஜாதகக் கட்டு மாதிரி இருக்கும். ஆனால் ஒரு செடி இங்கே எந்தப் பக்கம் இருந்தது, எப்போது பூத்தது என்று கேட்டால் சாட்சி சொல்வது அதுதான். இருந்ததே தெரியாவிட்டால் தொலைந்ததை எப்படித் தேடுவது? 2014இல் புதிய இனமாக அறிவித்து, நம் ஊர்ப் பெயரையே சூட்டிய ஓர் இஞ்சி உண்டு. அது புதிது என்று சொல்லவே பழைய தாள்களோடு ஒப்பிட்டாக வேண்டும்.

சரி, விதையைச் சேர்த்து வைத்தால் போதாதா? விதைநெல்லைக் குதிரில் போட்டுக் காத்த பரம்பரை, அப்படித்தான் கேட்போம். 2019இல் பூமலையில் விதை வங்கியும் திறந்தார்கள். நெல்லைப் போல் உலரத் தாங்கும் விதைகளைக் கடுங்குளிரில் வைக்கலாம். சிக்கல் என்னவென்றால், மழைக்காட்டுப் பெருமரங்கள் பலவற்றின் விதை காய்ந்தால் செத்துப்போகும். ரப்பரும் அந்த ரகம்தான்: 1876இல் பிரேசிலிலிருந்து கியூவுக்குப் போன சுமார் 70,000 விதைகளில் முளைத்தவை 3,000கூட இல்லை. மெராந்தி மரங்களோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் கூட்டமாகப் பூக்கும். விழும் விதையை உடனே ஊன்ற வேண்டும். அவற்றுக்கு வங்கி என்பது உயிரோடு நிற்கும் மரமே. தலவிருட்சம் மாதிரி என்று சொல்லலாம். ஆனால் ஒற்றை மரம் போதாது. ஒரு தாயின் பிள்ளைகளை மட்டும் வைத்துக் காட்டை மீட்க முடியாது. பல தாய்மரங்கள் வேண்டும், எது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பும் வேண்டும். குறிப்பு இல்லாத செடி வெறும் அழகுச்செடி.

புலி ஆர்க்கிட்டைப் பாருங்கள். ஆர்க்கிட்டுகளிலேயே மிகப் பெரியது. சிங்கப்பூர்க் காட்டில் அழிந்துவிட்டது. பூமலையில் 1861இல் நட்டது நிலைத்தது. அதன் விதை தூசி மாதிரி, கட்டுச்சோறு இல்லாமல் புறப்பட்ட விதை. காட்டில் பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைக்குள் சத்துக்கூழில் முளைக்கவைக்கிறார்கள். கலப்பினப் பூக்களுக்காகப் பூமலை இயக்குநர் ஹோல்ட்டம் 1920களின் இறுதியில் இங்கே பழக்கிய வித்தை அது. 1995இல் உள்ளூர் ஆர்க்கிட்டுகளுக்கும் கைகொடுத்தது. இன்று சாலையோர மரங்களில் அவற்றைப் பார்க்கலாம்.

எங்கள் புளோக்கில் ஓர் அம்மா, “மரத்துல கரும்பு மாதிரி ஏதோ களை மண்டிக்கிடக்கு தம்பி, நகர மன்றத்துல சொல்லி வெட்டச் சொல்றேன்” என்று கிளம்பிவிட்டார். மின்தூக்கி வரைக்கும் ஓடிப்போய் மறித்தேன். அது களையில்லை, புலி ஆர்க்கிட்.