அணையின் அடிவரிசை

நேயர்களுக்கு வணக்கம். முல்லைத்தீவுக் கரையின் அலம்பிலிலும் கொக்கிளாயிலும் வாழ்பவர்களுக்கு, வாடைக்காற்றுக் காலத்தில் கடல் எவ்வளவு மணலை அள்ளிச் செல்லும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அரிப்பைக் கண்டதும் கருங்கல்லைக் கொட்டுவது நமக்குப் பழகிய வழி. அந்தக் கல்லை எப்படி அடுக்கினால் மீனுக்கும் பயன்படும் என்பதே இன்றைய பேச்சு.

செங்குத்தான, வழவழப்பான சுவர் அலையைத் திருப்பி எறிகிறது. திரும்பும் அலை சுவரின் அடிமணலையே பறிக்கிறது. சரிவாக, இடுக்குகள் விட்டு அடுக்கிய கல்லணையோ அலையின் வலுவைத் தன்னுள்ளே சிதறடிக்கிறது. நண்டும் கலவாய் மீன் குஞ்சும் ஒளிவதற்கு இடம் கொடுப்பவையும் அந்த இடுக்குகள்தான். ஆகவே, கரையைக் காப்பதும் உயிரினத்துக்கு இடமளிப்பதும் இங்கே ஒன்றோடொன்று முரண்படும் வேலைகள் அல்ல.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2017இல் கட்டி முடிக்கப்பட்ட கடற்சுவரின் முகப்பில் சொரசொரப்பும் படிகளும் வைத்தார்கள். மேலுள்ள நடைபாதையில் வெளிச்சம் புகும் கண்ணாடிக் கட்டைகளைப் பதித்தார்கள், சல்மன் குஞ்சுகள் இருளுக்கு அஞ்சி ஒதுங்காதிருப்பதற்காக. சிறந்த வேலைதான், ஆனால் அப்படியே இங்கு கொண்டுவர முடியாது. அங்கே கடல்மட்டம் ஏறி இறங்கும் அளவு 3 மீற்றரைத் தாண்டும். நம் கரையில் அது 1 மீற்றருக்கும் குறைவு. சுவரின் நடுப்பகுதியில், கடல் வற்றும்போது நீர் தங்கும் குழிகள் அமைத்தால், நம் வெயிலில் அவை வெறும் உப்புக்குழிகளாகிவிடும். நாம் கருத்துச் செலுத்த வேண்டியது எப்போதும் நீருக்குள் இருக்கும் அடிவரிசையில்: அங்கே பெரிய கற்களோடு அளவில் வேறுபட்ட கற்களையும் கலந்து, குகைபோன்ற வெளிகளை விட வேண்டும்.

கொங்கிறீற்றுக் கட்டைகள் பயன்படுத்துவதானால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புதுச் சிமெந்தின் காரத்தன்மை கடல்நீருடையதை விட மிக அதிகம். பல உயிர்கள் அதில் எளிதில் ஒட்டுவதில்லை. அனல்மின் நிலையத்துச் சாம்பலைச் சிமெந்தின் ஒரு பங்குக்குப் பதிலாகச் சேர்த்தால் அது ஓரளவு தணியும். சாம்பலில் நச்சு உலோகங்கள் உண்டா என்று முதலில் சோதித்தாக வேண்டும் என்பது வேறு விடயம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை மறைக்கக் கூடாது. நம் கரை மணற்கரை. கல் புதிதாக வரும் இடத்தில் மணலில் வாழ்ந்தவை இடம் இழக்கும். கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல்வரிசை ஒருபுறம் மணலைச் சேர்த்து, மறுபுறத்தை அரிக்கும். ஆமை முட்டையிடும் மணலும் அதில் போகலாம். அணை தேவைதானா, அல்லது முகத்துவாரத்தை அடுத்த களப்பு ஓரங்களில் கண்டல் மரங்கள் போதுமா என்ற கேள்வி, கல் ஏற்றிய லொறி வருமுன்பே எழ வேண்டும்.

அத்தோடு, கரைவலை இழுக்கும் இடத்தில் நீருக்குள் கல் கிடந்தால் வலை கிழியும். எந்தப் பாட்டில், அதாவது கரைவலை இழுக்கும் எந்த இடத்தில், யார் வலை இறக்குகிறார், வலை எந்தப் பக்கமாக வந்து கரையேறும் என்பவை வலைகளின் உரிமையாளர்களான சம்மாட்டிமாருக்குத் தெரியும். வரைபடத்தில் முதற்கோடு விழுமுன் அவர்களோடு கரையில் ஒரு நாள் நடந்தால், கல் போடக் கூடாத இடங்களை அவர்களே கைகாட்டுவார்கள்.