காய்ச்சாத பாலை அமிர்தம் என்று யார் சொன்னது?

நேயர்களுக்கு வணக்கம். பாலைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆயுர்வேத வைத்தியரிடம் பாலைப் பற்றிக் கேட்டால் லேசில் நிறுத்த மாட்டார், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் வைத்தியத்துக்கு ஒரு தம்பி வந்தார், ஐ.டி.யில் வேலை. வயிறு மந்தம், பசி இல்லை, காலையில் தொண்டை முழுக்கச் சளி. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். "டாக்டர், நான் பச்சைப் பால்தான், காய்ச்சுறதே இல்ல, ஆயுர்வேதத்துல அமிர்தம்னு போட்டிருக்கே!" என்றார், ரொம்பப் பெருமையாக. கண்ணாடி பாட்டிலில் வருகிறதாம், சாதாரணப் பாலைப் போல இரண்டு மடங்கு விலை. சரி தம்பி, எத்தனை மணிக்குக் கறக்கிறார்கள்? விடியற்காலை மூன்று மணிக்கு. வீட்டுக்கு எப்போது வருகிறது? ஏழுக்கு. நீங்கள் எப்போது குடிக்கிறீர்கள்? ஜிம்முக்குப் போய்வந்து, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, ஜில்லென்று!

அவர் சொன்ன அமிர்தம் பொய்யில்லை, பழைய ஆயுர்வேத ஆசிரியர் வாக்படர் அப்படித்தான் எழுதியிருக்கிறார். ஆனால் எந்தப் பாலை? அவருடைய அஷ்டாங்க ஹ்ருதயம் என்ற நூலில், சூத்திரஸ்தானம் என்ற முதல் பகுதி, 5ஆம் அத்தியாயம், எடுத்துப் பாருங்கள். மாட்டின் மடியிலிருந்து இறங்கிய சூடு ஆறுவதற்குள் குடிக்கிற பாலை, தாரோஷ்ணம் என்பார்கள், அதைத்தான் அமிர்தத்துக்கு ஒப்பிடுகிறார். அதே சுலோகத்தில், காய்ச்சாத பால் கனமானது, உடம்பின் நாளங்களை அடைக்கும், பக்குவமாகக் காய்ச்சினால் அந்தக் குற்றம் நீங்கும் என்றும் இருக்கிறது. தம்பி பாதிச் சுலோகத்தை மட்டும் வாங்கியிருக்கிறார், இரண்டு மடங்கு விலைக்கு. இன்னொரு பழைய ஆசிரியர் சுஸ்ருதரும் இதையேதான் சொல்கிறார்: காய்ச்சாமல் குடிக்க ஏற்றது தாய்ப்பால், அதை விட்டால் கறந்த சூட்டிலேயே குடிக்கிற பால், ஆறிவிட்டால் அதுவும் ஆகாது.

அதனால் திரும்பச் சொல்கிறேன், காய்ச்சிக் குடியுங்கள். வாசலில் மாடு கட்டியிருந்த வீட்டிலேயே பாட்டிகள் காய்ச்சித்தானே கொடுத்தார்கள்? கறந்த சூடென்றாலும் இன்று நான் பரிந்துரைக்க மாட்டேன். புருசெல்லா என்றொரு கிருமி மாட்டிடமிருந்து காய்ச்சாத பால் வழியாக வரும். வாரக்கணக்கில் காய்ச்சல் விட்டுவிட்டு அடிக்கும், மூட்டெல்லாம் வலிக்கும். மாட்டுக்குக் காசநோய் இருந்தால் அதுவும் இதே வழியில் வரலாம். மாடு பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஒரு கொதி வந்தால் இந்தக் கிருமிகள் செத்துப்போகும்.

அதற்காக அடுப்பிலேயே கிடந்து சுண்டவும் வேண்டாம். ரொம்பக் காய்ச்சினால் பால் இன்னும் கனத்துவிடும் என்று வாக்படரே எச்சரிக்கிறார். திரட்டுப்பால் இரண்டு கரண்டி சாப்பிட்டதும் வயிறு என்ன சொல்கிறது என்று உங்களுக்கே தெரியும். சளி பிடிக்கிற உடம்பென்றால் பாலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, சுக்கோ திப்பிலியோ ஒரு சிட்டிகை போட்டுக் கொதிக்கவிடுங்கள். வைத்தியத்தில் பால் கஷாயமே இருக்கிறது: மருந்துச் சரக்கு 1 பங்கு, பால் 8 பங்கு, தண்ணீர் 32 பங்கு, தண்ணீரெல்லாம் வற்றிப் பால் மட்டும் நிற்கும்வரை காய்ச்ச வேண்டும். நம் வீட்டுப் பூண்டுப்பால் இருக்கிறதே, அதுபோல ஒன்று, பழைய ஆசிரியர் சரகர் குன்மம் என்ற வயிற்று நோய்க்குச் சொல்கிற சிகிச்சையில் வருகிறது. பிள்ளை பெற்ற வீடுகளில் அதை எப்படிச் செய்வார்கள் என்றால்... சரி, நேரமாச்சு என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள்.

பாலோடு எது சேரும், எது சேராது என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், நேரமில்லை. மீனும் பாலும் கூடவே கூடாது. ஒரே ஒரு வகை மீன்தான் ஆகாது, மற்றதெல்லாம் சேரும் என்று ஒருவர் வாதாட, எந்த மீனுமே வேண்டாம் என்று குருவான ஆத்ரேயர் முடித்துவைக்கிற இடம் சரகரின் நூலான சரக சம்ஹிதையில் வருகிறது. புளிப்புப் பழங்களும் சேராது, கொள்ளும் சேராது. அப்புறம் முள்ளங்கி தின்ற கையோடு பால் குடிக்காதீர்கள். வணக்கம்.