கடல்சாமி மகனும் பதினோராம் குடிலும்

எல்லோருக்கும் வணக்கம். மேடை, மைக் எல்லாம் எனக்குப் பழக்கமில்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். ரிக் ரியார்டன் எழுதிய பெர்சி ஜாக்சன் கதைகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். முதல் புத்தகம் 2005இல் வந்தது, ஐந்தாவது 2009இல். அதற்கப்புறமும் எழுதிக்கொண்டே இருக்கிறார், ஆனால் நான் சொல்வதெல்லாம் இந்த ஐந்தை வைத்துத்தான்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நியூயார்க்கில் பெர்சி என்று பன்னிரண்டு வயதுப் பையன். எந்தப் பள்ளிக்கூடத்திலும் நிலைக்க மாட்டான், புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் மிதக்கும், ஒரு இடத்தில் உட்காரவும் முடியாது. கடைசியில் பார்த்தால் அவன் அப்பா கிரேக்கர்களின் கடல்சாமி பொசைடன். நம்ம காசிமேட்டுப் பக்கம் கடலை அம்மா என்போம், கோபம் வந்தாலும் சோறு போடுகிற அம்மா. அங்கே கடல் அப்பா, அதுவும் பிள்ளைக்கு முகமே தெரியாத அப்பா! பெர்சி தண்ணீருக்கடியில் மூச்சு விடுவான், நனையாமல் வெளியே வருவான். கடல் இருக்கிறது, கடல் தொழில்தான் கண்ணில் படவில்லை. சரி, அது அவர்கள் ஊர்க் கதை.

எல்லோரும் கொண்டாடுகிற ஒரு விஷயத்தில்தான் எனக்குச் சண்டை. பெர்சிக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தைப் படிக்கத் திணறுகிற அந்தச் சிக்கல், ஏன்? அவன் மூளை பழைய கிரேக்க மொழிக்காக அமைந்ததாம், அதனால்தான் இங்கிலீஷ் மிதக்கிறதாம். உட்கார முடியாத துறுதுறுப்பு ஏன்? போர்க்களத்தில் உயிரைக் காப்பாற்றுகிற வேகமாம். படிக்கும்போது எனக்கும் குஷியாகத்தான் இருந்தது. ரியார்டன் பள்ளியில் கிரேக்கப் புராணம் நடத்திய ஆசிரியர். அவர் மகனுக்கே இந்த இரண்டு சிக்கலும் இருந்தன, ராத்திரி தூங்குவதற்கு முன் அவனுக்குச் சொன்ன கதைதான் புத்தகமானது. ஒரு அப்பா மகனுக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டால் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதே கதை எங்கள் வகுப்புக் கடைசி பெஞ்சுக்கு வரும்போது உறுத்துகிறது. சாமி பிள்ளையாக இல்லாத ஒருத்தனுக்கு எழுத்து மிதந்தால் அவன் வெறும் மக்குதானா? நம்ம பொதுத்தேர்வில் டிஸ்லெக்சியா சான்றிதழ் இருந்தால் கூடுதல் நேரம் தருகிறார்கள், சொல்லச் சொல்ல எழுத ஆள் தருகிறார்கள். ஆனால் அந்தச் சான்றிதழ் வாங்க, இது மக்குத்தனம் இல்லை என்று முதலில் வீட்டிலோ ஸ்கூலிலோ யாருக்காவது தோன்ற வேண்டும். அதற்குக் கடவுள் ரத்தம் எதற்கு?

அப்படியென்றால் ஏன் ஐந்தையும் படித்தாய் என்று கேட்பீர்கள். பதினோராம் குடிலுக்காகத்தான்.

சாமிப் பிள்ளைகள் தங்குகிற முகாமில் பன்னிரண்டு குடில்கள், ஒவ்வொரு பெரிய சாமிக்கும் ஒன்று. எந்தச் சாமியும் 'இது என் பிள்ளை' என்று ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும், சின்னச் சாமிகளின் பிள்ளைகளும் போவது ஹெர்மிஸ் என்கிற சாமியின் பதினோராம் குடிலுக்கு. அப்பா யாரென்று இன்னும் தெரியாததால் பெர்சியும் முதலில் அங்கேதான் போகிறான், கிடைப்பது தரையில் படுக்க ஒரு துண்டு இடம். மற்ற பக்கம் பாருங்கள், ஹீராவின் குடில் சும்மா மரியாதைக்காகக் கட்டியது, அதில் ஆளே கிடையாது. ஆர்டெமிஸின் குடிலும் அப்படித்தான். பொசைடன் குடிலும் அவன் வரும்வரை காலி. ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும்: பத்துப் பேர் கால் நீட்ட முடியாமல் படுத்திருக்க, எதிரில் வீடு வீடாகக் காலி. வாள் சண்டையெல்லாம் எனக்கு மறந்துவிட்டது, இந்தத் தரை மறக்கவில்லை.

அந்தக் குடிலின் மூத்த பையன் லூக். கதையைச் சொல்லிவிட்டேன் என்று திட்டாதீர்கள் தம்பிகளா, அவன்தான் துரோகி. ஆனால் அவன் கோபம் அந்தத் தரையிலிருந்துதான் வருகிறது. சாமிகளுக்குப் பிள்ளைகள் வேலைக்கு மட்டும் வேண்டும், வளர்க்க வேண்டாம் என்கிறான். ஐந்தாவது புத்தகக் கடைசியில் சாமிகள் பெர்சிக்குச் சாகாவரம் தருகிறோம் என்கிறார்கள். அவன் வேண்டாமென்று சொல்லிவிட்டு வேறு கேட்கிறான்: எல்லாப் பிள்ளைகளையும் பதின்மூன்று வயதுக்குள் ஒத்துக்கொள்ளுங்கள், சின்னச் சாமிகளுக்கும் குடில் கட்டுங்கள். லூக் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதானே! அவன் கேட்டபோது வில்லன், பெர்சி கேட்டபோது ஹீரோ. ஊரே அழிகிற சண்டை நடந்தபிறகுதான் அது சாமிகள் காதில் விழுகிறது.

அப்புறம் பெர்சியின் அம்மா சாலி. மிட்டாய்க் கடையில் வேலை, வீட்டில் சீட்டாடியபடி அவள் சம்பளத்தைத் தின்கிற புருஷன். நீல நிறத்தில் சாப்பாடே கிடையாது என்று அவன் ஒரு நாள் சொல்லிவிட்டான் என்பதற்காக, நீலக் கேக், நீல மிட்டாய் என்று மகனுக்குத் தேடித்தேடிச் செய்து தருவாள். இந்த ஐந்து புத்தகத்திலும் எனக்குப் பிடித்த வீரம் இதுதான். அவளுக்கு எந்தச் சக்தியும் கிடையாது, பிள்ளையை வளர்த்தது மட்டும் அவள்.

இரண்டாவது புத்தகம் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வராதீர்கள். லூக் பற்றி நான் சொன்னது தப்பென்று தோன்றினால், இங்கே டீ கொடுக்கிறார்கள், அந்தப் பக்கம்தான் நிற்பேன், வந்து சண்டை போடுங்கள். நன்றி.